பிக்கப்புக்குப் பெரிய டயர்: வாங்கும் முன் வண்டியை அளந்துவிடுங்கள்

சூரிய மின் பம்புகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். அதற்காக ஃபோர் வீல் டிரைவ் டபுள் கேப் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். பேனல், குழாய், கேபிள், கருவிப்பெட்டி என்று பின்னால் எப்போதும் 500, 600 கிலோ இருக்கும். போகிற பாதைகளில் கல்லும் பள்ளமும்தான் அதிகம். பின் டிஃபரன்ஷியலின் (எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) உருண்டைப் பகுதி கல்லில் இடிக்கும் சத்தத்தை அடிக்கடி கேட்டதால்தான் பெரிய டயர் போடும் எண்ணமே வந்தது.

வண்டியோடு வந்த அளவு 265/65ஆர்17. முதல் முறை ஒரே தாவலாக 285/70ஆர்17 வாங்கிவிட்டேன். கடையில் மாட்டி இறக்கியபோது நன்றாகவே பொருந்தியது. சுற்றிலும் நல்ல இடைவெளி தெரிந்தது. வாசலில் ரிவர்ஸ் எடுத்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் இடது முன்பக்கம் ‘கர்ர்’ என்று உரசியது. இறங்கிப் பார்த்தால், சக்கரக் கூண்டின் பின்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை டயரின் தோள்பட்டை கடித்துக்கொண்டிருந்தது.

நேராக நிற்கும் வண்டியில் டயர் பொருந்துவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சக்கரம் முழுக்க ஒடிந்து, அதே சமயம் ஸ்பிரிங்கும் முழுக்க அமுங்கியிருக்கும்போது இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இதைப் பணம் கொடுக்கும் முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கணக்கு. 265 என்பது டயரின் அகலம், மி.மீ. அளவில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 265-இல் 65 சதவீதம் 172.25 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பக்கச்சுவர், ஆக 344.5. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8. இரண்டையும் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 776.3 மி.மீ.

இதே கணக்கில் 265/70ஆர்17-இன் விட்டம் 802.8 மி.மீ. 285/70ஆர்17-க்கு 830.8. முதலாவது பழைய டயரைவிட 26.5 மி.மீ. பெரியது, அதாவது 3.4 சதவீதம். இரண்டாவது 54.5 மி.மீ. பெரியது, 7 சதவீதம். ஆனால் ஆக்சில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அச்சு, உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதிதான். அதாவது ஒன்றில் 13 மி.மீ., மற்றதில் 27 மி.மீ. இவ்வளவுக்கா இத்தனை பாடு என்று தோன்றலாம். கல் உள்ள பாதையில் அந்த 13 மி.மீ.கூட உதவுகிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். பின் டிஃபரன்ஷியலின் அடிப்பகுதியை உயர்த்துவது டயர் மட்டும்தான். ஸ்பிரிங்கை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் சேசிஸும் பாடியும் மேலே போகும். பின் ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அளப்பதற்கு டேப், சாக்பீஸ், டார்ச் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, டயருக்கும் அதற்கு மிக அருகில் இருக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சக்கரக் கூண்டின் பின்பக்கம், முன் பம்பரின் உள்முனை, மட்ஃபிளாப், மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் மேல் கை), ஸ்வே பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) ஆகிய ஐந்து இடங்களையும் விடாமல் பாருங்கள். பிறகு மறுபக்கம் ஒடித்து அதையே செய்யுங்கள். வலதும் இடதும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். என் வண்டியில் இரண்டுக்கும் 6 மி.மீ. வித்தியாசம் இருந்தது.

இங்கே பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அளக்கும்போது வண்டியில் இருப்பது தேய்ந்த டயர். புது ஆல் டெரெயின் டயரில் (எல்லாத் தரைக்குமான டயர்) தரையில் படும் பட்டன்களின் ஆழம் 10 மி.மீ.க்கு மேலேயே இருக்கும். பழையதில் 3 மி.மீ. மிச்சம் என்றால், அதே அளவில் புது டயர் போட்டாலே ஆரத்தில் 7 மி.மீ. கூடிவிடும். ஆகவே புது டயரின் கூடுதல் ஆரத்தோடு இந்தத் தேய்மானத்தையும் சேர்த்துக் கழியுங்கள். 285 போடுகிறவருக்கு 27-உம் 7-உம் சேர்ந்து 34 மி.மீ. போய்விடும். மீதி 15 மி.மீ.யாவது இல்லையென்றால் உரசும் என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த 15 என் அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட அளவு. இன்னொன்று, ஒரே எண் போட்ட டயர்கள்கூடத் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில மி.மீ. மாறும். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் உண்மையான விட்டமும் அகலமும் இருக்கும். வாங்கப்போகும் மாடலுக்கே அதைப் பாருங்கள்.

அடுத்தது அமுங்கிய நிலை. ஒரு முன்சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றி, அதற்கு எதிர்மூலையில் உள்ள பின்சக்கரத்தையும் ஏற்றினால் வண்டி முறுக்கி நிற்கும். ஏறிய முன்சக்கரம் கூண்டுக்குள் போய்விடும். அந்த நிலையில் மெதுவாக ஸ்டியரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒடியுங்கள். வெளியே ஒருவர் நின்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். ஸ்டியரிங் அசையும்போதோ எஞ்சின் ஓடும்போதோ அவர் கூண்டுக்குள் கைவிடவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

“லிஃப்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. சக்கரம் எவ்வளவு மேலே போகும் என்பதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப் எனப்படும் அந்த ரப்பர் கட்டைதான். லிஃப்ட் போட்டாலும் பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது சக்கரம் பழைய உச்சிக்கே போகும். அடிக்கடி உரசுவது குறையும், அவ்வளவுதான். நான் 285-க்காக 40 மி.மீ. லிஃப்ட் போட்ட பிறகும், சுமையோடு போகும்போது பெரிய குழியில் இறங்கினால் உரசல் வரத்தான் செய்தது. பம்ப் ஸ்டாப்பை நீளமாக்கினால் உரசல் நிற்கும். ஆனால் சக்கரத்தின் ஓட்டம் குறைந்து, குழியில் குதிப்பது முதுகுக்குத் தெரியும். தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் லிஃப்ட் போட்டால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளின் கோணமும் கூடும், ஸ்டியரிங் அச்சின் சாய்வான காஸ்டர் கோணமும் மாறும். ஆகவே லிஃப்ட் போட்ட கையோடு வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

ரிம்மைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு டயருக்கும் எந்த அகல ரிம் ஏற்றது என்று ஒரு வரம்பு உண்டு. 265/70ஆர்17 என்றால் 7 முதல் 9 அங்குலம் வரை. பழைய ரிம் அந்த வரம்புக்குள் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. சக்கரம் வெளியே தள்ளி நிற்க வேண்டும் என்று ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு) குறைந்த ரிம் வாங்குகிறார்கள். ஆஃப்செட் 30-இலிருந்து பூஜ்யத்துக்குப் போனால் சக்கரம் 30 மி.மீ. வெளியே வரும். ஸ்டியரிங் ஒடிக்கும்போது அது பெரிய வட்டம் போட்டுச் சுற்றும். நேர் அளவில் உரசாத டயர்கூட அப்போது பம்பரையோ கூண்டின் பின்பக்கத்தையோ உரசும். வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும். மேல் ஆர்மில் இடிக்கிறது என்ற காரணம் இருந்தால் மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து 112எஸ் என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமைக் குறியீடு, எழுத்து வேகக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 115 என்றால் 1,215 கிலோ. 121 என்றால் 1,450. எஸ் என்றால் 180 கி.மீ. வேகம், டி என்றால் 190. வண்டிக்குக் குறித்த எண்ணைவிடக் குறைவான டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எல்டி என்று தொடங்கும் லைட் டிரக் டயர்கள் முரட்டுத்தனமானவை, கல் கிழிப்பதைத் தாங்குபவை. ஆனால் அதே சுமையைத் தாங்க அவற்றுக்குக் காற்று அதிகம் வேண்டும். கதவோரத்து ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் காற்றளவு வண்டியோடு வந்த டயருக்கானது. அதை எல்டி டயருக்கு அப்படியே வைத்துச் சுமை ஏற்றினால் டயர் சூடேறும். டயர் தயாரிப்பாளரின் சுமை, காற்று அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எடையையும் பாருங்கள். வீட்டுத் தராசில் நான் நிறுத்தபோது பழைய டயர் ரிம்மோடு 29 கிலோ, 285 எல்டி டயர் அதே ரிம்மில் 37 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 8 கிலோ கூடுகிறது. அதைச் சுழற்றவும் நிறுத்தவும் வண்டி கூடுதலாக உழைக்க வேண்டும். விட்டம் 7 சதவீதம் கூடினால், அதே பிரேக் அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறக்குறைய அதே அளவு குறையும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கியரும் அப்படித்தான். டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 (ஷாஃப்ட் 4.1 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை) இருக்கும் வண்டி 285 போட்டால் 3.83 இருப்பது போல நடந்துகொள்ளும். சுமையோடு மேடு ஏறும்போது ஒரு கியர் முன்னதாகவே இறக்க வேண்டிவரும். மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் லோ ரேஞ்சில் செங்குத்தாக இறங்கும்போதும் வண்டி முன்பைவிடக் கொஞ்சம் வேகமாக உருளும். 265/70 போட்டால் அதே விகிதம் 3.96 ஆகும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

சரி, இப்போது ஸ்டெப்னி. இதை நான் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் 285 வாங்கியபோது நாலுதான் வாங்கினேன். வண்டிக்கு அடியில் தொங்கும் பழைய 265/65 ஸ்டெப்னியை அப்படியே விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து, மழை பெய்த மறுநாள், சேறான பாதையில் பின்பக்க டயர் ஒன்று கூர்மையான வேரில் குத்திக் கிழிந்தது. ஸ்டெப்னியைப் போட்டேன். சேற்றிலிருந்து வெளியே வர ஃபோர் ஹை (சாதாரண கியரில் நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போடாமல் வழியில்லை. வழுக்கும் தரையில் பிரச்சினை தெரியவில்லை. கெட்டியான சாலைக்கு ஏறியதும் வண்டி கனமாகிவிட்டது, யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல. டூ வீலுக்கு மாற்றப் பார்த்தால் லிவர் அசையவில்லை. நிறுத்தி, மெதுவாகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் போனதும் அடியில் ‘டொக்’ என்று சத்தம் கேட்டது. அப்புறம்தான் லிவர் விடுபட்டது.

காரணம் இதுதான். பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவில், அதாவது தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கு மாற்றும் வண்டியில், முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிவிடுகிறது. பின்னால் ஒரு சக்கரம் 7 சதவீதம் சின்னதாக இருந்தால், பின் ஆக்சில் சராசரியாக 3.5 சதவீதம் அதிகமாகச் சுற்ற வேண்டும். டயர் வழுக்க இடம் இருந்தால் அந்த வித்தியாசம் தரையில் கழிந்துவிடும். கெட்டித் தரையில் கழிய இடமில்லை. முறுக்கு எல்லாம் ஷாஃப்ட்களிலும் பற்சக்கரங்களிலும் சேர்ந்துகொண்டே போகும். இன்னும் சில கிலோமீட்டர் அப்படியே ஓட்டியிருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டி வந்திருக்கலாம். எல்லா நேரமும் நாலு சக்கரமும் ஓடும் வண்டியிலும், இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள ஆக்சிலிலும் சின்ன ஸ்டெப்னி கெடுதல்தான்.

ஆகவே ஐந்தாக வாங்குங்கள். வாங்கும் முன் அந்த ஐந்தாவது அடியில் போகுமா என்று பாருங்கள். தடித்த அட்டையைப் புது விட்டத்துக்கு வட்டமாக வெட்டி, ஸ்டெப்னியை இறக்கிவிட்டு, அது இருந்த இடத்தில் பிடித்துப் பாருங்கள். இழுவைக் கொக்கியின் சட்டம், சைலன்ஸர் குழாய், பின் ஆக்சில், லீஃப் ஸ்பிரிங்கின் தொங்கட்டான் ஆகியவற்றில் எது முதலில் இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அகலம் கூடியதால் ஸ்டெப்னி எவ்வளவு கீழே இறங்கித் தொங்கும் என்பதையும் கவனியுங்கள். என் வண்டியில் 285 அடியில் போகவில்லை. பின்தட்டில் படுக்கவைத்தேன், பேனல் வைக்கும் இடம் போயிற்று. 265/70 அடியில் ஏறக்குறைய 10 மி.மீ. மிச்சத்தோடு ஏறிவிட்டது.

அளந்து பார்த்ததில் கொஞ்சமாகத்தான் உரசும் என்று தெரிந்தால், சரிசெய்ய வழி இருக்கிறது. மட்ஃபிளாப்பைப் பின்னுக்கு நகர்த்துவது அல்லது கொஞ்சம் வெட்டுவது முதல் படி. அடுத்தது கூண்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தகடு. கிளிப்பைக் கழற்றி, ஹீட் கன்னால் சூடாக்கி, ஒரு மரக்கட்டையால் உள்ளே அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் 10 மி.மீ.க்கு மேல் இடம் கிடைக்கும். எங்கே உரசுகிறது என்று தெரிய டயரின் தோளில் வண்ணச் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டு, மேடுபள்ளத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து ஒரு சுற்று போய் வாருங்கள். உரசிய இடத்தில் மட்டும் வண்ணம் ஒட்டியிருக்கும். முதல் சுற்றில் என் இடது கூண்டின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீல வண்ணம் இருந்தது. மூன்றாம் சுற்றில் ஒரு விரல் அகலக் கீற்றாகக் குறைந்து, ஐந்தாம் சுற்றில் போய்விட்டது.

பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இரண்டு தகடு சேரும் வெல்டிங் மடிப்பு ஒன்று இருக்கும். அதைச் சுத்தியலால் தட்டி மடக்குகிறவர்கள் உண்டு. செய்யலாம். பின்னால் ஒயரிங் ஏதாவது போகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, தட்டி முடித்ததும் பிரைமர், பெயின்ட், சீலன்ட் எல்லாம் போட வேண்டும். விட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும். கேபினைச் சேசிஸோடு பிடித்திருக்கும் மவுண்டை வெட்டச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த அளவுக்குப் போக வேண்டியிருந்தால் டயரைச் சின்னதாக்குவதே நல்லது. உயரம் வேண்டும், அகலம் வேண்டாம் என்றால் ஒல்லி டயர் ஒரு நல்ல வழி. 16 அங்குல ரிம் உள்ள வண்டிக்கு 235/85ஆர்16 போட்டால் விட்டம் 806 மி.மீ. வரும், பக்கவாட்டில் உரச இடமே குறைவு.

மாட்டும் வேலை எளிதுதான். சமதரை, ஹேண்ட்பிரேக், மறு சக்கரங்களுக்குக் கட்டை. ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். அந்தத் துருவின் மேல் ரிம் உட்கார்ந்தால் பிறகு நட் தளரும். ரிம்மை மாற்றியிருந்தால் நட்டும் அதற்கு ஏற்றதா என்று பாருங்கள். சில ரிம்முக்குக் கூம்பு முகம் உள்ள நட், சிலவற்றுக்குத் தட்டை வாஷர் உள்ளது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு முடியுங்கள். கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிக் கொடுத்தால், வீட்டுக்கு வந்து தளர்த்தி நீங்களே மறுபடி இறுக்குங்கள். டயரின் தயாரிப்புத் தேதியையும் மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். பக்கச்சுவரில் இருக்கும் டிஓடி எழுத்துகளின் கடைசியில் வரும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.

ஸ்பீடோமீட்டரைச் சோதிக்காமல் இருக்க வேண்டாம். ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குமுறைப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். அதனால் வண்டிகள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும். என் வண்டியில் முள் 100-இல் நிற்கும்போது ஜிபிஎஸ் 95 காட்டியது. 265/70 போட்டதும் அது 98 ஆனது, இன்னும் பத்திரமான பக்கம்தான். 285-இல் 102. முள் 100 சொல்லும்போது வண்டி 102-இல் ஓடுகிறது. அப்படியானால் மீட்டரைத் திருத்தியாக வேண்டும். ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும்: 285 போட்டு 1,000 கி.மீ. ஓடினால் 934 என்றுதான் விழும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று வருந்தும் முன் இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு பெரிய டயர் போடலாம், எதற்குச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி நாட்டுக்கு நாடு மாறும். வாங்கும் முன்பே கேட்டுவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அந்த 285 செட் தேய்ந்ததும் நான் 265/70ஆர்17-க்கு இறங்கிவிட்டேன், அதுவும் ஐந்தாக. சுமை ஏற்றி வேலை செய்யும் வண்டிக்கு ஒரு படி ஏற்றம் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. கிடைக்கும் உயரத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிறோம், உண்மைதான். ஆனால் வண்டி ஏறும் விதமும் நிற்கும் விதமும் முன்பு போலவே இருக்கின்றன, ஸ்டெப்னி அதன் இடத்தில் இருக்கிறது. சுமையில்லாமல் காட்டுப்பாதைக்கு மட்டுமே வண்டி வைத்திருப்பவர், லிஃப்ட், கியர் விகிதம் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யத் தயாராக இருந்தால், 285-க்குப் போவதில் தவறில்லை.

புது டயர் போட்டதும் முதல் 100 கி.மீ. முடிவில் எல்லா நட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். காற்றைக் குளிர்ந்த நிலையில் வைத்துவிட்டு, சுமையோடு அரைமணி, முக்கால் மணி நேரம் ஓட்டி உடனே அளங்கள். 4 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறியிருந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். அதைவிட அதிகம் ஏறினால் காற்று குறைவு, டயர் மடங்கிச் சூடாகிறது. எல்டி டயருக்கு 6 வரை ஏறினாலும் பாதகமில்லை. இன்னொரு சோதனையும் செய்யுங்கள். பட்டன் மேல் குறுக்காகச் சாக்பீஸ் கோடு போட்டு, கெட்டித் தரையில் நேராகச் சிறிது தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. சுமையோடு ஒரு தரம், இல்லாமல் ஒரு தரம் செய்து, கிடைக்கும் இரண்டு அளவுகளையும் கதவோரத்து ஸ்டிக்கருக்குக் கீழேயே எழுதி ஒட்டிவையுங்கள். சுமைக்கான எண் டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் சொன்னதற்குக் கீழே போகக் கூடாது. என் கதவில் முன் 34, பின் 36 என்றும், சுமை ஏற்றும்போது பின்சக்கரத்துக்கு 44 என்றும் எழுதியிருக்கிறேன்.